கைக்கு எட்டியது பிரேக்குக்கு எட்டலை!

ஜனவரி மாதம் காலை ஆறரை மணிக்கு ஊட்டியில் பைக் ஓட்டுகிறவர்கள் இரண்டே ரகம். ஹனிமூன் வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். முதல் ரகத்துக்குக் குளிர் ஒரு சாக்கு. அவர்களை விட்டுவிடுவோம். நான் பேசுவது, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு குன்னூர் ஆபீஸுக்கு இறங்குகிற நம்மைப் போன்ற ஆசாமிகளைப் பற்றி.

ஊட்டியிலிருந்து குன்னூர் சுமார் 18 கிலோமீட்டர். எல்லநள்ளி வருவதற்குள் விரல் நுனி விண் விண் என்று வலிக்கும். அருவங்காடு தாண்டும்போது திடீரென்று வலி நின்றுவிடும். 'அப்பாடா'ன்னு சந்தோஷப்படாதீங்க சார். வலி போகவில்லை, விரல்தான் ஆஜர் இல்லை! பிரேக் பிடித்தோமா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு செகண்ட் தாமதித்தால் வண்டி 11 மீட்டர் போய்விடும். மலை ரோட்டு வளைவில் 11 மீட்டர் என்பது, தார் ரோட்டில் ஆரம்பித்து டீ எஸ்டேட்டில் முடிகிற தூரம்.

பாதிக் குற்றவாளி குளிர், மீதி காற்று. அண்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இரண்டு பேர் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, காற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். (வேறு வேலை இல்லையா என்று கேட்கக் கூடாது, அங்கே நிஜமாகவே இல்லை.) அதில் பிறந்த கணக்கை அமெரிக்காவும் கனடாவும் 2001-ல் திருத்தி அமைத்தன. அதன்படி, 5 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 1 மாதிரி உறைக்கும். தலைகுந்தா போன்ற பள்ளங்களில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி வந்து தேங்கும். அங்கே இன்னும் மோசம்.

அடுத்து உடம்பு செய்கிற வேலை. நான் பி.காம். என்பதால் கம்பெனி பாஷையில்தான் சொல்ல வரும். கம்பெனி நஷ்டத்தில் போனால் முதலில் எதை மூடுவார்கள்? கிளை ஆபீஸை! ஹெட் ஆபீஸில் ஏ.ஸி. ஓடிக்கொண்டேதான் இருக்கும். உடம்பும் அப்படித்தான். நெஞ்சில் குளிர் ஏறினால், இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக விரலுக்குப் போகிற ரத்தத்தை வெட்டிவிடும். ஆகவே கிளவுஸுக்கு மட்டும் செலவு செய்து பிரயோஜனம் இல்லை. ஹெட் ஆபீஸைச் சூடாக வைத்தால்தான் கிளைக்குப் பணம் வரும்.

அதற்கு மலிவான வழி, ஜெர்கினுக்குள் நெஞ்சில் ஒரு தினசரிப் பேப்பரை மடித்து வைப்பது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயக்காரர்களே மலை உச்சியில் பேப்பரை வாங்கி பனியனுக்குள் செருகிக்கொண்டு இறங்கியவர்கள்தான். இந்த இதழையும் வைக்கலாம். முழுக்கப் படித்த பிறகு!

திபெத்தியர்கள் கடையில் விற்கிற கம்பளி கிளவுஸ் நடப்பதற்குப் பிரமாதம். பைக்கில்? கொசுவலை போட்டுக்கொண்டு மழையில் நின்ற மாதிரி. அதன் மேலே காற்றுப் புகாத லெதரோ ரெக்ஸினோ வேண்டும். அதுவும் ஒரு சைஸ் பெரிசாக. இறுக்கினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். கையில் பாலிதீன் பையைச் சுற்றலாமே என்பீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் நீலகிரியில் பிளாஸ்டிக் பை வைத்திருந்தால் அபராதம்.

எங்கள் தெருவில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிற அண்ணன் ஒருவர், பழைய ஸீட் கவரை வெட்டித் தைத்து ஹேண்டில் பாரின் இரண்டு பக்கமும் உறை மாட்டியிருக்கிறார்.

"என்னண்ணே, வண்டிக்கு லுங்கி கட்டி விட்டிருக்கீங்க?"

"லுங்கி இல்லை தம்பி, பேண்ட் பாக்கெட்! கையை உள்ளே விட்டுக்கிட்டு ராஜா மாதிரி போறேன்."

நான் பார்த்ததிலேயே இதுதான் உருப்படியான ஏற்பாடு. ஒன்று மட்டும் கவனிக்கணும். காற்று அமுக்கி உறை பிரேக் லீவரில் உட்காரக் கூடாது. கை ஒரே இழுப்பில் வெளியே வரவும் வேண்டும்.

இன்னும் சில வீரர்கள் வண்டியை நிறுத்தியதும் சைலன்ஸரைத் தழுவுவார்கள். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது சார், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அக்குளில் கையை வையுங்கள், போதும். "ஒரு தம் அடிச்சா சூடாயிடும்" என்பதும் சுத்தப் பொய். நிகோடின் விரல் ரத்தக் குழாயை இன்னும் சுருக்கும். பிராந்தி பார்ட்டிகளுக்கு: அது தோலுக்கு ரத்தத்தை வாரி வழங்கி, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே அனுப்பிவிடும். கை சூடான மாதிரி இருக்கும், ஆள் ஜில்லிட்டுக்கொண்டிருப்பான். போலீஸ் செக்போஸ்ட் தனிக் கணக்கு.

வழியில் டீக்கடையில் நின்றீர்களானால், கிளம்புமுன் கட்டை விரலால் அதே கையின் சுண்டு விரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையா, இன்னொரு டீ சொல்லுங்கள். ஏன் லேட் என்று ஆபீஸில் கேட்டால், "அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட விரல் வேணுமே சார்" என்று சொல்லிக்கொள்ளலாம்.