குணமான பின்னும் ஒரு பரிசோதனை

ஐந்து ஆண்டுகளுக்கு முன் பாராதைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மையார் ஒருவர், அண்மையில் தம் மகளுடன் என்னிடம் வந்தார். ஓராண்டாகவே அசதி, எலும்பு வலி, மலச்சிக்கல், மறதி. "ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இது வயதின் கோளாறு என்று நினைத்துவிட்டோம், டாக்டர்" என்றார் மகள். எலும்பு வலிக்கென்று மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பரிசோதித்தபோது இரத்தக் கால்சியம் 11.8 மில்லிகிராம் இருந்தது; இயல்பான அளவு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 வரை. பாராதைராய்டு ஹார்மோனும் மிகுந்திருந்தது. நோய் திரும்பியிருந்தது.

அவர்களை நான் குறை கூறவில்லை. "குணமாகிவிட்டது" என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்களாகிய நாங்கள், "ஆண்டுதோறும் வாருங்கள்" என்பதை அதே அழுத்தத்துடன் சொல்லத் தவறுகிறோம்.

கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம், அரிசிமணி அளவில், பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பது அவற்றின் பணி. அவற்றுள் ஒன்று வரம்பு மீறிச் சுரந்தால், எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து இரத்தத்தில் கூடுகிறது. எலும்பு நலிகிறது; சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம். பழுதுற்ற சுரப்பியை நீக்கினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆயினும், எஞ்சிய சுரப்பிகளுள் ஒன்று சில ஆண்டுகள் கழித்து மிகையாகச் சுரக்கத் தொடங்கலாம். 1925-இல் வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டல் இந்நோய்க்குச் செய்த அறுவை சிகிச்சை, மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றது. டிராம் வண்டி நடத்துநரான அந்நோயாளி நன்கு தேறினார். சில ஆண்டுகளில் அவருக்கும் நோய் திரும்பியது. ஆகவே, இது உங்கள் உணவினாலோ கவனக்குறைவினாலோ வந்ததென்று வருந்த வேண்டாம்.

என் கருத்து இதுவே: அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், இரத்தக் கால்சியத்தைப் பரிசோதிக்க வேண்டும். பழைய அறிகுறிகள் தோன்றினால் அதுவரை காத்திருக்கவும் கூடாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும், உங்களுக்கு நடந்த அறுவை சிகிச்சையை முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் ஒரே வேளையில் பரிசோதிக்கும்படி கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் லித்தியமும்கூடக் கால்சியத்தை உயர்த்தக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள்.

அசதியெல்லாம் நோயின் மறுவரவு அன்று. வைட்டமின் டி குறைவாலும், இரத்தச்சோகையாலும், தைராய்டு குறைபாட்டாலும் அசதி வரலாம். ஹார்மோன் மட்டும் கூடி, கால்சியம் இயல்பாக இருப்பதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் பொறுப்பு. அச்சத்தால் பாலையும் தயிரையும் ஒதுக்காதீர்கள். நீர் போதிய அளவு அருந்துங்கள். மருத்துவர் சொல்லாமல் கால்சியம் மாத்திரை மட்டும் வேண்டாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். மறதியையும் மனச்சோர்வையும் நோயாளி தாமே உணராமல் இருக்கலாம். உடனிருப்பவர்களே முதலில் காண்பார்கள். கடும் தாகம், ஓயாத வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை சேர்ந்து தோன்றினால், அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

நோய் திரும்பினாலும் வழிகள் உண்டு. சிலருக்குக் கண்காணிப்பே போதும். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு மறு அறுவை சிகிச்சை. அந்த அம்மையாருக்கு எது தகுந்தது என்பதை ஸ்கேன் முடிவுகளைப் பார்த்தபின் மூவரும் சேர்ந்து பேசி முடிவு செய்வோம். ஓராண்டுக்கு முன்பே வந்திருந்தால், அவர் அந்த ஓராண்டு வலியைச் சுமந்திருக்க வேண்டியதில்லை.