நிழலை அளக்க இரண்டு ஆசிரியர்கள் வேண்டும்



உங்கள் அறிவியல் ஆசிரியர் இடைவேளையில் கைபேசியும் கையுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "சாருக்கு வேலை இல்லை போலிருக்கிறது" என்று உங்களுக்குள் சிரித்தும் இருப்பீர்கள். அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் வேறோர் ஊர் ஆசிரியரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கலாம்!

ஆசிரியரும் பாடம் கேட்பாரா? கேட்கத்தான் வேண்டும் என்பேன் நான். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ உள்ள ஒரு கிராமத்துப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். அறிவியலுக்கு அங்கே ஒரே ஆசிரியர். அவருக்கு ஓர் ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பார்? முன்பெல்லாம், மதுரைக்குப் பஸ் ஏறிப் பயிற்சி வகுப்புக்கு வரும் நாள் வரை காத்திருக்க வேண்டும். இன்று கைபேசி வழியே பல ஊர் ஆசிரியர்களிடம் உடனே கேட்கலாம். 2017-இல் மத்திய அரசு ஆசிரியர்களுக்காக 'திக்ஷா' என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. 2018-இல் வந்த தமிழகப் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளும் இடம்பெற்றன. நல்லதுதான். ஆனால் பிறர் செய்துவைத்த பாடத்தை எடுத்துக்கொள்வது மட்டும் போதுமா? ஆசிரியர்கள் சேர்ந்து செய்யும் வேலையில்தான் இணையத்தின் உண்மையான பயன் இருக்கிறது.

இதோ ஓர் உதாரணம். ஏப்ரல் நடுவில் ஒரு நாள், ஆகஸ்டு இறுதியில் ஒரு நாள், மதுரையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நட்ட குச்சிக்கு அப்போது பக்கத்தில் நிழலே விழாது. அதே நாள் நண்பகலில் சேலத்தில் 1 மீட்டர் குச்சிக்குச் சுமார் 3 செ.மீ. நிழல் விழும். அதாவது, அங்கே சூரியன் உச்சியிலிருந்து சுமார் 1.7 பாகை விலகியிருக்கிறது. சேலம் மதுரைக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, நேர்கோட்டில் சுமார் 190 கி.மீ. தொலைவில் உள்ளது. 1.7 பாகைக்கு 190 கி.மீ. என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 40,000 கி.மீ. வரும். அதுவே பூமியின் சுற்றளவு! ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் கையாண்ட வழி இது.

மதுரை ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனி ஒருவராக இதைச் செய்ய முடியாது. சேலத்தில் ஒருவர் குச்சி நட வேண்டும். அங்கே நிழலை அளப்பதில் 1 மி.மீ. பிழை நேர்ந்தாலும் விடை ஆயிரம் கி.மீ.க்கு மேல் மாறிவிடும். ஆகவே பத்துப் பள்ளிகள் அளந்து ஒப்பிடுவது மேலும் நல்லது. அப்போது ஓர் ஆசிரியர், "என் குச்சி சாய்ந்திருந்தது, என் அளவு தவறு" என்று மற்றவர் முன் சொல்ல நேரலாம். அப்படிச் சொல்லக்கூடிய கூட்டமே கற்கும் கூட்டம். சுற்றறிக்கைகளையும், சரிபார்க்காத செய்திகளையும் கைமாற்றிவிடும் கூட்டத்தால் வகுப்பறைக்கு என்ன லாபம்?

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. தயங்காமல் கேள்வி கேளுங்கள். "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று ஆசிரியர் சொன்னால் அவரைக் குறைவாக எண்ணாதீர்கள். அறிவியல் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. ஆகஸ்டு இறுதியில் பள்ளி நடக்கும். இப்போதே ஒரு நேரான குச்சியைத் தேடி வையுங்கள். சேலத்தில் குச்சி நட ஓர் ஆசிரியரைத் தேடித் தரும்படி உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்!