ஒளிச்சுவரைத் தேருமாறு

சலனப்படத்தில் இல்லாத இடத்தை உள்ளதாகக் காட்டும் முயற்சி இன்று நேற்று எழுந்ததன்று. 1933-இல் வெளிவந்த 'கிங் காங்' படத்தில் நடிகர்க்குப் பின்னே திரையிட்டு, அதன் பின்புறமிருந்து படவொளியைப் பாய்ச்சினர். 1968-இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்னும் படத்தில் முன்புறமிருந்து பாய்ச்சினர். பின்னர்ப் பச்சைத் திரை பெருவழக்காயிற்று. இக்காலத்திலோ எல்.இ.டி. விளக்குகளாலாகிய பலகைகளை அடுக்கிச் சுவராக எழுப்பி, கணிப்பொறி வரையும் காட்சியை அதில் ஒளிரச்செய்து, அதன் முன்னே நடிகரை நிறுத்திப் படம்பிடிக்கின்றனர்.

2019-இல் வெளிவந்த 'தி மண்டலோரியன்' என்னும் தொடர் இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. கலிபோர்னியாவிலுள்ள மன்ஹாட்டன் பீச்சில் 20 அடி உயரமும் 75 அடி விட்டமும் உடைய வளைசுவரொன்றை எழுப்பி, மேலே கூரையிலும் ஒளிப்பலகைகளைப் பரப்பினர். கதைத்தலைவன் அணிந்ததோ கண்ணாடிபோல் மின்னும் கவசம். பச்சைத் திரையாயின் கவசம் முழுதும் பச்சை படிந்திருக்கும். ஒளிச்சுவராதலின் பாலைநிலமும் அந்திவானமும் அதில் இயல்பாகப் பிரதிபலித்தன. ஆகவே இச்சுவர் வெறும் சித்திரமன்று, விளக்குமாம். இவ்வுண்மையை மறந்து பலகை வாங்குவோர் தவறுவர் என்பதே என் கட்சி.

பலகை வாங்கப் புகுவோர் முதலிற் கேட்பது, ஓர் ஒளிப்புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே தூரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே. அத்தூரம் குறையக் குறையப் பலகை சிறந்ததென்று பலர் எண்ணுகின்றனர். 2.84 மில்லிமீட்டராயின் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,24,000 புள்ளிகள் அமையும். அதனைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும். விலையும், அவற்றை இயக்கும் கணிப்பொறியின் சுமையும் அதற்கேற்ப ஏறும். மேற்கூறிய தொடரின் சுவர் 2.84 மில்லிமீட்டர்ப் பலகைகளால் ஆயதே. அதனினும் நெருங்கிய புள்ளிகளையுடைய பலகைகள் அன்றே கிடைத்தும் அது போதியதாயிற்று.

எங்ஙனம் போதியதாயிற்று? இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேலொன்று இட்டு நோக்கின், எவ்வலையிலும் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். சுவரின் புள்ளிகளும் காமிராவின் உணர்புள்ளிகளும் அங்ஙனமே மோதி அலைக்கோடுகளை விளைக்கும். இதனை மொய்ரே என்பர். காமிராவின் கூர்நோக்கு நடிகர்மீது நின்று சுவர் சற்றே மங்குமாயின், அக்குற்றம் பெரிதும் நீங்கும். நடிகரைச் சுவரினின்று சில அடி தள்ளி நிறுத்துவதும், ஆழம் குறைந்த கூர்நோக்குடைய பெரிய உணர்தளக் காமிராவைக் கொள்வதும் இதற்கு உபாயங்கள். இடம் குறுகிய அரங்கிலும், சுவரை அணுகிப் படம்பிடிக்க வேண்டியவிடத்தும் நெருங்கிய புள்ளிகள் வேண்டுமென்பதை யான் மறுக்கவில்லை. இடமுள்ளவர் அதற்கே பொருளைச் செலவிடுவதுதான் பொருந்தாது.

பின் எவற்றை ஆராய்தல் வேண்டும்? முதலாவது, முகம். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று குறுகிய நிறங்களைக் கலந்தே இச்சுவர் வெண்மையைக் காட்டுகிறது. இடைப்பட்ட மஞ்சள் முதலிய கதிர்கள் அதில் மிகக் குறைவு. நம் கண் அதனை வெண்மையென்று ஏற்றாலும், அவ்வொளி படும் தோலும் துணியும் காமிராவில் இயல்பு திரிந்து தோன்றும். ஆதலின் முகத்துக்கு முழுநிறமாலையுடைய விளக்கு தனியே வேண்டும். சில பலகைகளில் வெண்மை விளக்கையும் நான்காவதாகச் சேர்த்திருப்பது இக்குறையை நோக்கியே.

இரண்டாவது, இமைப்பு. எல்.இ.டி. விளக்கு விரைந்து இமைத்தே தன் ஒளியை மட்டுப்படுத்துகிறது. நொடிக்கு 3,840 முறை புதுப்பிக்கும் பலகையின்முன் காமிரா 1/48 நொடி திறந்திருப்பின் 80 சுற்றுக்கள் பதியும். 1/480 நொடியாயின் 8 சுற்றுக்களே பதியும். அப்பொழுது ஒரு சுற்றின் ஏற்றக்குறைவும் படத்திற் பட்டையாய்த் தெரியும். சுவரும் காமிராவும் ஒரே தாளத்தில் இயங்குதற்குரிய ஜென்லாக் இணைப்பும் இன்றியமையாதது.

மூன்றாவது, இருள். விற்போர் உச்ச ஒளியைப் புகழ்வர். அரங்கிலோ சுவரைப் பெரும்பாலும் தணித்தே எரிப்பர். தணித்தவிடத்து இருளின் நுண்ணிய படிகள் ஒழுங்காக இறங்குகின்றனவா, சாய்ந்து நோக்கும்போது நிறம் மாறுகின்றதா என்பவையே உரைகல். உதிரிப் பலகைகளையும் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து முன்னரே வாங்கி வைத்தல் நன்று. பின்னாளில் வாங்கிய பலகை நிறம் வேறுபட்டு, வெள்ளை வேட்டியில் ஒட்டுப்போட்டதுபோல் தோன்றும்.

விலைப்பட்டியலிலுள்ள எண் பொய்யன்று; ஆயின் அது பலகையைப் பற்றிய எண், படத்தைப் பற்றியதன்று. ஆதலின் இத்துறையிற் புகும் மாணவ நண்பர்கள், வாங்குமுன் சில பலகைகளை வருவித்து, தாம் எடுக்கும் காமிராவையும் ஆடியையும் கொண்டு, பல நிறத்து முகங்களை அவற்றின்முன் நிறுத்திச் சோதித்தல் வேண்டும். திரையைப் பார்ப்பவர் புள்ளிகளை எண்ண வருபவரல்லர். முகங்களைக் காண வருபவர். அம்முகம் மெய்யாகத் தோன்றுமாறு செய்யும் சுவரே நல்ல சுவர்.