விலை ஏறும் முன்பே பணம் சேரவேண்டும்

எரிபொருள் மானியத்தைக் குறைக்கவேண்டும் என்றதுமே ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்ற குரல் எழுகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் மானியம் இதுவரை யாருக்குப் போனது என்பதையும் பார்க்கவேண்டும். லிட்டர் கணக்கில் தரும் மானியம், அதிகம் எரிப்பவருக்கே அதிகம் சேரும். இந்தியாவில் டீசல் விலையை அரசு தாழ்த்தி வைத்திருந்த காலத்தில் லாரிக்காரரும் விவசாயியும் பயன்பெற்றார்கள். சொகுசுக் கார் வைத்திருந்தவரும் வணிக வளாகத்து ஜெனரேட்டரும்கூடத்தான். பெட்ரோலைவிட மலிவு என்பதாலேயே டீசல் கார்கள் பெருகின.

அந்த மானியம் விலக்கப்பட்ட விதம் நிதானமானது. 2013 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு லிட்டருக்கு 50 காசு அளவில் விலை ஏறியது. கச்சா எண்ணெய் விலை சரிந்திருந்த 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது.

சமையல் எரிவாயுவின் கதை சிக்கலானது. 2015 ஜனவரி முதல் சிலிண்டரைச் சந்தை விலைக்கு வாங்கி, மானியத்தை வங்கிக் கணக்கில் பெறும் முறை நாடெங்கும் வந்தது. வீட்டு சிலிண்டரை ஓட்டலுக்குக் கள்ளத்தனமாக விற்பதில் இருந்த லாபம் குறைந்தது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களின் பெயரில் இணைப்பு தந்தது. இதுவரை சரி. 2020-ல் சந்தை விலை இறங்கியபோது நின்ற மானியம், விலை மறுபடி ஏறிய பிறகும் பெரும்பாலோருக்குத் திரும்பவில்லை. உஜ்வலா குடும்பங்களுக்கு சிலிண்டருக்கு 200 ரூபாய் என்ற அறிவிப்பு 2022 மே மாதம்தான் வந்தது. அதே மாதம் சென்னையில் சிலிண்டர் விலை 1,000 ரூபாயைத் தாண்டியது. சிலிண்டரை மாற்ற முடியாமல் விறகடுப்புக்குத் திரும்பும் வீட்டில் அரசுக்குப் பணம் மிச்சமாகலாம். காற்றுக்கும் மரத்துக்கும் சமைக்கும் பெண்ணின் நுரையீரலுக்கும் அது நட்டம்தான்.

இலங்கையில் இன்னும் கடுமை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. திவாலான நாடு நட்டத்துக்கு விற்றுக்கொண்டிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் சிறு படகில் கடலுக்குப் போகும் மீனவர் கைக்கும், மலையகத் தேயிலைத் தோட்டத்து லயக் குடும்பத்தின் கைக்கும் நிவாரணம் வருமுன் விலை வந்துவிட்டது.

ஆகவே வரிசைதான் முக்கியம். பயனாளிப் பட்டியலைச் சரிபார்த்து, முதல் தவணையைக் கணக்கில் போட்டுவிட்டு, அதன்பிறகே விலையைத் தொடவேண்டும். அதுவும் சிறிது சிறிதாக. மிச்சமாகும் தொகையில் எத்தனை நகரப் பேருந்துகள், எத்தனை சோலார் பம்ப்செட்டுகள் வாங்கினோம் என்று ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனியாகக் காட்டவேண்டும்.