கேள்விப்பத்திரமும் கேட்பாரற்ற கமக்காரரும்

அரசாங்கப் பணம் மக்களின் பணம். அதனைச் செலவிடுவதற்கு விதி வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், விதியை இயற்றிவிட்டு, அவ்விதிக்குக் கட்டுப்பட வேண்டியவன் அதனை அறிந்துகொள்ள வழி செய்யாதிருப்பது நீதியாகுமா?

2006 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த பெறுகை வழிகாட்டிக் கோவை நீங்கி, தேசிய பெறுகை ஆணைக்குழு ஆக்கிய புதிய கோவை 2025 சனவரி 1 ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வாணைக்குழு 2015 இல் 19 ஆவது திருத்தத்தாற் பிறந்தது. 2020 இல் 20 ஆவது திருத்தத்தால் மாய்ந்தது. 2022 இல் 21 ஆவது திருத்தத்தால் மீண்டும் உயிர் பெற்றது. நியாயம், சமத்துவம், வெளிப்படைத்தன்மை, போட்டி, சிக்கனம் ஆகியவை அமைந்த நடைமுறைகளை வகுப்பதே அதன் கடன் என்று அரசியலமைப்புக் கூறுகின்றது. நல்ல சொற்கள்! திருக்கேதீஸ்வரத்து வயல் வரம்பில் நிற்கும் கமக்காரனிடம் இவற்றுள் எத்தனை வந்து சேர்ந்தன என்பதே நமது கேள்வி.

கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழ்வது மன்னார்ப் பெருநிலம். வாய்க்கால் திருத்துவதும், குளக்கட்டுக்கு மண் இடுவதும், கிராமத்து வீதி செப்பனிடுவதும் இங்கு ஆண்டுதோறும் வேண்டப்படும் பணிகள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற கமக்காரர் அமைப்புகளும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இத்தகைய சிறு வேலைகளை ஏற்றுச் செய்வதுண்டு. அதனால் ஊரின் உழைப்புக்கு ஊரிலேயே கூலி கிடைக்கின்றது. மடை எங்கே ஒழுகும் என்பதை அறிந்தவன் கையாலேயே மடை கட்டப்படுகின்றது.

அந்த அமைப்பின் செயலாளர் பகல் முழுவதும் வயலில் நின்றுவிட்டு, இரவில் விளக்கடியில் விலைமனுக் கட்டை அவிழ்க்கின்றார். விலைமனுப் பிணை, தகைமைச் சான்று, கணக்காய்வு அறிக்கை, தாமதத்துக்கு நட்டஈடு என அடுக்கடுக்காக நிபந்தனைகள். பெரிய ஒப்பந்தமாயின் 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவும் வேண்டும். ஒரு கையொப்பம் விடுபட்டால் விலைமனு தள்ளுபடியாகலாம். ஒரு வாசகத்தின் பொருள் தெரியாமல் ஒப்பமிட்டால், மாரி முந்திப் பெய்து வேலை தடைப்பட்ட நாட்களுக்கும் தண்டம் இறுக்க நேரலாம். தலைநகரத்துக் கம்பனிக்குச் சட்டத்தரணி உண்டு, கணக்காளர் உண்டு. கமக்காரர் அமைப்புக்கு யார் உண்டு?

மொழியின் கதை இதனினும் கொடிது. 1958 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறிற்று. அதற்கான பிரமாணங்கள் பாராளுமன்றத்துக்கு வர 1966 வரை தமிழன் காத்திருந்தான். இன்றோ, வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழே என்று அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை விதிக்கின்றது. இருந்தும் விலைமனு ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஏட்டில் உள்ள உரிமை கேள்விப்பத்திரத்தில் இல்லையென்றால் அவ்வுரிமையால் பயன் யாது?

“விதி யாவர்க்கும் பொது, கமக்காரனுக்கெனத் தனிச் சலுகையா?” என்று சிலர் வினவுவர். சலுகை யாருக்கு வழங்கப்பட்டது என்பதை மன்னார் மக்கள் நன்கறிவர். 2022 யூன் மாதத்தில் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டு, போட்டி விலைமனு என்ற கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைத் திட்டம் போட்டியின்றியே அதானி நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என 2024 மே மாதத்தில் அமைச்சரவை அங்கீகரித்தது. ஆட்சி மாறி, விலையை மீளப் பேச வேண்டுமென்ற நிலை எழுந்ததும், 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. கோடிகளுக்கு முன் சட்டம் வளைந்தது. வாய்க்கால் வெட்டுபவன் முன் மட்டும் அது நிமிர்ந்து நிற்பதா?

ஆகவே விதியைத் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை. விதி தளர்ந்தால் யார் நுழைவார் என்பதைக் காற்றாலைக் கதை காட்டிவிட்டது. விதி உறுதியாக நிற்கட்டும். அதனை விளக்க ஆளும் நிற்கட்டும் என்றே கேட்கின்றோம். புதிய கோவையும் மாதிரி விலைமனு ஆவணங்களும் பிழையற்ற தமிழில் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கிடைக்க வேண்டும். விலைமனு நிராகரிக்கப்பட்டால் காரணம் தமிழில் எழுத்து மூலம் தரப்பட வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வழக்காடும் வறியவருக்குத் துணை நிற்பது போல, ஒப்பந்தத்தில் ஒப்பமிடப்போகும் சிற்றமைப்புக்கும் துணை நிற்க வேண்டும். வழக்கு வந்தபின் செய்யும் உதவியிலும் வழக்கு வராமற் காக்கும் உதவி மலிவானதன்றோ?

அரசாங்கத்தை மட்டும் குறை கூறி அமர்வது ஆண்மையன்று. நம் கற்றோருக்கும் ஒரு சொல். சட்டத்தரணிகளே, கணக்காளர்களே, பொறியியலாளர்களே, உங்களிற் பலர் இவ்வயல்களின் நெல்லில் வளர்ந்து பட்டம் பெற்றவர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமையை இக்கமக்காரருக்குக் கொடுங்கள். கமக்காரப் பெருமக்களே, நீங்களும் கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதுங்கள். கணக்கை ஆண்டுதோறும் பரிசோதிப்பியுங்கள். வாசியாத தாளில் ஒப்பமிடாதீர்கள். காரணம் மறைக்கப்பட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கணக்குச் சுத்தமாக இருந்தாலே கேள்வி கேட்கும் குரல் உரக்க எழும்.

பல நாட்டு வணிகரும் வந்து இறங்கிய பழந்துறை மாதோட்டம். கடல் கடந்து வந்தோருடன் விலை பேசிய அத்துறையின் மக்கள், தம் ஊர் வாய்க்காலுக்கு விலை கூறவும் வழியின்றி நிற்பது அவர்களுக்கு இழுக்கன்று. அவர்களை அந்நிலையில் வைத்திருக்கும் ஆட்சிக்கே இழுக்கு. அடுத்த கேள்விப்பத்திரம் தமிழில் வரட்டும். அதனை விளக்கத் தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் அருகில் இருக்கட்டும். இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.