வழியிலே ஓர் இருமல்

பிரயாணம் என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, எங்கே போகிறோம் என்பதல்ல; வழிக்கு என்ன கட்டிக்கொள்வது என்பதுதான். புளியோதரையா, எலுமிச்சஞ் சாதமா, தயிர் சாதத்துக்கு நார்த்தங்காயா, மாவடுவா என்று தீர்மானமான பிறகுதான் ஊரின் பெயரே நம் காதில் விழும். இல்லையா, சகோதரிகளே?

சென்ற வாரம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. "விடுமுறைக்குக் குழந்தைகளோடு காரிலேயே வெகு தூரம் போக உத்தேசம். மாமியாரும் வருகிறார், வயது எழுபது. என்னென்ன ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, 2020-ம் ஆண்டு செப்டம்பரில் நான் செய்த ஒரு பிரயாணமும், அதிலே நான் செய்த ஒரு பிசகும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. யோசனைகளைக் கடைசியில் சொல்கிறேன். பிசகை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுதான் அதிக உபயோகம்.

அந்த வருஷம் ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனேன். ஏப்ரலில் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச் 11-ந் தேதி உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு விமானங்கள் நின்றுபோயின. மே மாதத்திலிருந்து விசேஷ விமானங்கள் விட்டார்கள் என்றாலும், "இந்த வயசில், இந்தச் சமயத்தில் நீ புறப்பட வேண்டாம்" என்று சென்னையிலிருந்து என் கணவரும் பிள்ளையும் சொல்லிவிட்டார்கள். அவர் அங்கே, நான் இங்கே. தினம் ராத்திரி டெலிபோனில், "மாத்திரை சாப்பிட்டாயா?" "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று விசாரித்துக்கொள்வதே எங்கள் குடித்தனமாகிவிட்டது.

பேத்திக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. ஒரு நாள் அவள், "பாட்டி, என் சிநேகிதிகளுக்கெல்லாம் கால் இருக்கிறதா என்றே எனக்கு மறந்துபோய்விட்டது" என்றாள். மாதக்கணக்காக அவர்களுடைய தலையை மட்டுந்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்! சிரித்துவிட்டு, அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவளை எங்கேயாவது வெளியே அழைத்துப் போக வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. அமெரிக்காவில் தேசியப் பூங்கா என்றால் நம் ஊர் மாநகராட்சிப் பூங்காவை நினைத்துக்கொண்டு, ஊஞ்சலும் சறுக்குமரமும் தேடாதீர்கள். மலையும் பள்ளத்தாக்கும் காடுமாக, ஒரு ஜில்லாவையே வேலி போடாமல் ஒதுக்கி வைத்திருப்பார்கள். 1872-ல் ஏற்பட்ட எல்லோஸ்டோன்தான் இவற்றில் முதலாவது. 2020 வசந்த காலத்தில் இவற்றில் பலவற்றை மூடியிருந்தார்கள். மே மாதம் முதல் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். திறந்ததுதான் தாமதம், விமானத்தில் ஏறப் பயந்த ஜனங்கள் காரில் ஏறிவிட்டார்கள்! 2019-ல் எல்லாப் பூங்காக்களுக்குமாக 32 கோடியே 70 லட்சம் தடவை வந்துபோன ஜனங்கள், 2020-ல் 23 கோடியே 70 லட்சம் தடவைதான் வந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் எல்லோஸ்டோனில் மட்டும் அந்த செப்டம்பரும் அக்டோபரும் வரலாறு காணாத கூட்டம்.

இன்னொரு சௌகரியமும் சேர்ந்தது. அங்கே நாலாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு வருஷத்துக்கு இலவச அனுமதிச் சீட்டு. குழந்தையோடு காரில் வருகிறவர்களுக்கும் அதுவே செல்லும். 80 டாலர் மிச்சம்! "நான்தான் உங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று எங்கள் வீட்டு நாலாம் வகுப்புக்காரி அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மாப்பிள்ளை மட்டும் சம்மதிக்கவில்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. யூட்டாவில் மோவாப் என்று ஒரு சிற்றூர். இரண்டு பெரிய பூங்காக்களுக்கு அதுதான் வாசற்படி. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் 17 படுக்கைகளே உண்டு. மார்ச் மாதத்தில் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களே, தயவுசெய்து பிரயாணிகளை வரவிடாதீர்கள் என்று கவர்னருக்கு எழுத வேண்டியதாயிற்று. அரிசோனா பக்கத்தில் நவஹோ என்னும் ஆதிகுடிகளின் நாடு. மே மாதத்தில், ஜனத்தொகை வீதப்படி, நியூயார்க்கைவிட அதிகமாக அங்கே நோய் கண்டது. அங்குள்ள வீடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. "கையைக் கழுவு, கையைக் கழுவு" என்று உலகமெல்லாம் உபதேசம் நடந்தபோது, கழுவத் தண்ணீருக்கு மைல் கணக்கில் வண்டி ஓட்டியவர்கள் அவர்கள். தங்கள் பூங்காக்களை அவர்கள் மூடிவிட்டார்கள்.

"நாம் பார்த்துவிட்டு வந்துவிடுவோம், அத்தை. நாம் விட்டுவிட்டு வருவதை அவர்களல்லவா அனுபவிக்க வேண்டும்?" என்றார் மாப்பிள்ளை.

கடைசியில் நிபந்தனைகளோடு சம்மதித்தார். நவஹோ நாட்டுப் பக்கமே போவதில்லை. புறப்படுவதற்கு முன் இரண்டு வாரம் யாரும் வெளியே காலெடுத்து வைப்பதில்லை. ஹோட்டல் சாப்பாடு கிடையாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அந்த நிமிஷமே காரைத் திருப்பிவிட வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். முதலில் தலையாட்டியது நான்தான்.

மூட்டை முடிச்சைப் பற்றிக் கேட்பானேன்! மின்சார அடுப்புப் பானை, அரிசி, புளிக்காய்ச்சல், மிளகாய்ப் பொடி, உறைமோருக்கு ஒரு சின்ன டப்பா. அதோடு, மடக்கி வைக்கக்கூடிய கழிவறை ஆசனம் ஒன்றும், அதைச் சுற்றி மறைக்க ஒரு குட்டிக் கூடாரமும் என் பெண் வாங்கியிருந்தாள். ஆண்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆனால் வழியில் பொதுக் கழிப்பறைக்குள் நுழையப் பயந்த அந்தக் காலத்தில், எங்களைக் காப்பாற்றிய பொருள் அதுதான்.

முதலில் ஸையான் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் சிவந்த பாறைச் சுவர்கள், நடுவே ஓர் ஆறு. உள்ளே போகும் பஸ்ஸுக்கு அந்த வருஷம் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து முன்னாலேயே சீட்டு வாங்க வேண்டியிருந்தது. வழக்கமாக ஏற்றுவதில் ஒரு பங்கு ஜனத்தையே ஏற்றினார்கள். ஆற்றில் நச்சுப் பாசி படர்ந்திருந்ததால், தண்ணீரில் இறங்காதீர்கள் என்று எச்சரித்திருந்தார்கள். பூங்காக் காவலர் கட்டடத்துக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி அவர் கொடுத்த புத்தகத்தில் விடைகளை எழுதிக் காட்டி, ஆறடி தள்ளி நின்று, முகமூடிக்குள்ளிருந்தே பிரமாணம் எடுத்து, குட்டிக் காவலர் வில்லையைப் பெற்றுக்கொண்டாள். அவளுடைய கால்கள் அன்று ஓய்ந்து நிற்கவே இல்லை.

அங்கிருந்து, 1930-ல் மலையைக் குடைந்து முடித்த, ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கப் பாதை வழியாகப் பிரைஸ் பூங்காவுக்குப் போனோம். எட்டாயிரம் அடிக்கு மேல் உயரம். பள்ளத்தில் ஆயிரக்கணக்கான கல் தூண்கள், ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த நிறத்தில், கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. தீய காரியம் செய்த ஜனங்கள் கல்லாக மாறிவிட்டார்கள் என்று அங்குள்ள பையூட் ஆதிகுடிகள் கதை சொல்கிறார்களாம். நம் அகலிகை ஒருத்தி. இங்கே ஓர் ஊரே கல்லாகி நிற்கிறது! இராமர் எப்போது வருவார் என்று பேத்தி கேட்டாள்.

அன்று சாயங்காலந்தான் என் தொண்டையில் ஏதோ சுரண்டியது. ராத்திரி இருமல் வந்தது. தங்கியிருந்த விடுதியில் எல்லோரும் தூங்கியபின், குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்திலே இருமினேன். வெந்நீரில் மிளகைப் போட்டுக் குடித்தேன். மறுநாள் கிராண்ட் கான்யனின் வடகரை. 250 கிலோமீட்டர் போனால் போதும். குழந்தை நாலு மாதமாகப் படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இடம். இந்தக் கிழவியின் தொண்டைக்காகவா எல்லோரும் திரும்ப வேண்டும்? ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் தயிர் சாதம் பிசைந்தேன். பேத்தி ஓடி வந்து, "பாட்டி, நீயே உருட்டிக் கையில் போடு" என்று உள்ளங்கையை நீட்டினாள். உருண்டை பிடித்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சின்னக் கையில் நான் எதைப் போடப் போகிறேன்?

"எனக்கு இருமல் இருக்கிறது" என்றேன்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. "எப்போதிலிருந்து, அத்தை?" என்று மட்டும் கேட்டார்.

"நேற்று சாயங்காலத்திலிருந்து."

அவர் ஒன்றும் பேசாமல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். கோபித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். என் பெண் விடுதிக்காரர்களுக்கு டெலிபோன் செய்து, "இந்த அறைக்குள் சில நாள் யாரையும் அனுப்பாதீர்கள்" என்று விஷயத்தைச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், யாரோ ஒருத்தி, என்னைப் போல் வீட்டிலே பேரன் பேத்தி உள்ளவளாகக்கூட இருக்கலாம், நான் படுத்த விரிப்பை வாரி மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அவளைப் பற்றி நான் ராத்திரி முழுவதும் ஒரு தடவைகூட நினைக்கவில்லையே!

சுமார் 850 கிலோமீட்டர். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் முகமூடியோடு திரும்பினோம். பேத்தி தன் காகிதச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தாலும் எனக்குத் தேவலை.

காரில் இருந்தபடியே மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சோதித்தார்கள். இரண்டு நாள் ஓர் அறையில் தனியாக இருந்தேன். எனக்குக் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. அந்த வருஷம் கலிபோர்னியாவில் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தீ பரவியது. புறப்படும்போதே எங்கள் காரின்மேல் சாம்பல் படிந்திருந்தது. அந்தப் புகையும், உயரத்து வறண்ட காற்றும் சேர்ந்து தொண்டையைக் கெடுத்திருக்கும் என்றார் டாக்டர். "அப்படியென்றால் வீணாகத் திரும்பினோமா?" என்று பேத்தி கேட்டாள். "தெரியாதபோது திரும்பினோம். அது வீணில்லை" என்றார் அவள் அப்பா.

சகோதரிகளே, ஜுரத்தை மறைத்துக்கொண்டு தீபாவளிக்கு முறுக்குச் சுற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்! மாத்திரையை விழுங்கிவிட்டு, "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதை நமக்குப் பெருமையாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தலைவலியும் இடுப்பு வலியும் நம்மோடு போய்விடும். மறைத்தால் கஷ்டம் நமக்குத்தான். ஒட்டிக்கொள்ளும் நோய் அப்படியல்ல. அதை மறைப்பது நம் பங்கை விட்டுக்கொடுப்பது ஆகாது. அடுத்தவள் பங்கிலிருந்து எடுத்துக்கொள்வது ஆகும்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு. தயிர் சாதத்தில் பாலை அதிகமாகவும் மோரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் வரை புளிக்காது. மாமியாரின் மருந்துகளைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். ஜுரமானி ஒன்று அவசியம். இரண்டு மணிக்கு ஒரு தடவை காரை நிறுத்தி, அவரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். திரும்பிவிடுவது என்ற நிபந்தனையைப் புறப்படும் முன்பே குழந்தைகளிடமும் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று மாமியாரை மூன்று தடவை கேளுங்கள். முதல் இரண்டு பதில்களை நம்பாதீர்கள்.

கிராண்ட் கான்யனை நான் இன்னும் பார்க்கவில்லை. பேத்தி இப்போது என்னைவிட உயரம். போன மாதம் டெலிபோனில், "பாட்டி, நீ வா, போகலாம். ஆனால் காரில் ஏறும்போதே தொண்டையைக் காட்டிவிட வேண்டும்" என்றாள். காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.