ரப்பர் சிம்பலா, உலோக சிம்பலா?

பிள்ளை டிரம்ஸ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் பெற்றோருக்கு முதலில் ஞாபகம் வருவது வெண்கலக் கடைக்குள் புகுந்த யானைதான். கீழ் வீட்டில் வயதானவர், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அதனால்தான் பல வீடுகளில் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வந்து உட்காருகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் இசை முழுவதும் வாசிப்பவரின் காதுக்குள். வெளியே கேட்பது குச்சி தட்டும் சத்தம் மட்டும்.

ஒரு வருஷம் கழித்துப் பிரச்னை வேறு ரூபத்தில் வருகிறது. பள்ளி ஆண்டு விழாவிலோ சர்ச் பாடகர் குழுவிலோ நிஜ டிரம் செட் முன்னால் பையனை உட்கார வைக்கிறார்கள். டிரம்ஸில் கை ஓரளவுக்குச் சமாளித்துவிடுகிறது. சிம்பலில்தான் தடுமாற்றம். தட்டியதும் தட்டு ஆடுகிறது. லேசாகத் தொட வேண்டிய இடத்தில் ஓங்கி அடித்துவிடுகிறான். பாடுபவரின் குரலே அமுங்கிப் போகிறது. வீட்டுக்கு வந்ததும், "அப்பா, எனக்கு மெட்டல் சிம்பல் வேணும்" என்கிறான். விலையைப் பார்த்து அப்பா யோசிக்கிறார். யோசிக்க வேண்டிய விஷயமும்தான்.

பையன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1997-ல் ரோலண்ட் நிறுவனம் டிடி-10 வகை டிரம்ஸைக் கொண்டுவந்தபோது, ரப்பருக்குப் பதில் வலை போன்ற தோலை டிரம்முக்குப் போர்த்தியது. அதன்பிறகு எலக்ட்ரானிக் டிரம்மைத் தட்டும் உணர்வு நிஜத்துக்கு நெருங்கி வந்துவிட்டது. சிம்பல் மட்டும் பெரும்பாலும் ரப்பராகவே தங்கிவிட்டது. ரப்பர் தட்டுக்கு அடியில் இருக்கும் சென்சார் அதிர்வை மின்சாரத் துடிப்பாக மாற்றி மாட்யூலுக்கு அனுப்பும். மாட்யூல் பதிவு செய்து வைத்த சிம்பல் ஒலியைக் கொடுக்கும். காதுக்குக் குறையில்லை. கைக்குத்தான் குறை.

நிஜ சிம்பல் பெரும்பாலும் வெண்கலம். உயர் ரகத்தில் செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு. பஜனை ஜால்ராவும் கோயில் மணியும் இதே குடும்பம்தான். குச்சி பட்டதும் அது துள்ளும், ஆடும், விளிம்பில் வழுக்கும். விரல்கள் அந்தத் துள்ளலை வாங்கி அடுத்த தட்டலுக்குப் பயன்படுத்தப் பழக வேண்டும். ரப்பரில் இந்தப் பாடம் பாதிதான் கிடைக்கும்.

இதற்காக வந்தவைதான் ஓட்டை போட்ட உலோக சிம்பல்கள். தட்டு முழுக்கச் சல்லடை போலத் துளைகள் இருப்பதால் அதிர்வு அடங்கி, சத்தம் குறைகிறது. 1623-ல் இஸ்தான்புல்லில் பிறந்து இன்று அமெரிக்காவில் இயங்கும் ஜில்ஜியன் நிறுவனத்தின் எல்80 சிம்பல்கள் இந்த ரகம். வழக்கமான சிம்பலைவிட 80 சதவீதம் வரை சத்தம் குறைவு என்கிறது அந்த நிறுவனம். 2024-ல் அது வெளியிட்ட ஆல்கெம்-இ என்ற எலக்ட்ரானிக் டிரம்ஸிலும் துளை போட்ட உலோக சிம்பல்களே இருக்கின்றன.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சத்தம் குறைந்த சிம்பல் எல்லாமே எலக்ட்ரானிக் சிம்பல் ஆகிவிடாது. எல்80 போன்றவற்றில் சென்சார் கிடையாது. ஒயர் செருக இடமும் கிடையாது. மாட்யூலுடன் இணைய வேண்டும் என்றால் சென்சார் பொருத்திய ரகம்தானா என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்த கேள்வி, வீட்டில் இருக்கும் மாட்யூலுடன் அது சேருமா என்பது. ரைடு சிம்பலில் நடுக்குமிழ், மேற்பரப்பு, விளிம்பு என மூன்று இடங்கள் மூன்று விதமாக ஒலிக்கும். இதற்கு யமஹா ஒரே ஒயரைப் பயன்படுத்துகிறது. ரோலண்டின் பழைய முறையில் இரண்டு ஒயர் தேவை. மாற்றி இணைத்தால் குமிழ் ஊமையாகிவிடலாம். ஹை-ஹாட்டில் இன்னும் கவனம் தேவை. கால் மிதியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் பகுதியும் மாட்யூலும் ஒத்துப்போகாவிட்டால், மூடிய ஹை-ஹாட் திறந்ததுபோல் ஒலிக்கும்.

மூன்றாவது, உலோகத்தின் குணம். ரப்பர் அடித்ததும் அடங்கிவிடும். உலோகம் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வை இன்னொரு தட்டலாக மாட்யூல் எடுத்துக்கொண்டால், ஒரு தட்டலுக்கு இரண்டு ஒலி வரும். சென்சிட்டிவிட்டி, த்ரெஷோல்டு, ரீட்ரிகர் கேன்சல் என்ற அமைப்புகளைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும். ஆகவே முடிந்தால் மாட்யூலையும் கடைக்கே தூக்கிப் போவது நல்லது. மெதுவாக ஒரு தட்டு, ஓங்கி ஒரு தட்டு, இரண்டு குச்சியாலும் வேகமாக உருட்டி ஒரு தட்டு, பிறகு விளிம்பைக் கையால் பிடித்தால் ஒலி நிற்கிறதா என்ற சோதனை. பத்து நிமிஷத்தில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஹெட்போன் போட்டவருக்குத் தெரியாத ஒரு விஷயமும் உண்டு. ரப்பர் 'டொக்' என்று நிற்கும். துளை போட்ட உலோகம் 'சிங்' என்று அறைக்குள் பரவும். ராத்திரி ஒன்பது மணிக்கு அது சுவரைத் தாண்டுமா என்று வாசிப்பவரால் சொல்ல முடியாது. வீட்டில் ஒருவர் கதவுக்கு வெளியே, மாடிப்படியில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். கீழ் வீட்டுக்கு இறங்கும் 'திம் திம்' சத்தம் கால் பெடலிலிருந்து வருவது. அதற்குத் தடிமனான விரிப்புதான் மருந்து, சிம்பல் அல்ல.

அறைச் சத்தம் ஹெட்போனுக்குள்ளும் நுழைவதால், பிள்ளைகள் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு வரம்பு. ஒலி கூடக்கூட நேரம் வேகமாகச் சுருங்கும். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் இருந்தால் வால்யூமைக் குறைவாகவே வைக்கலாம். சிம்பலுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனாலும் தப்பில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். பாட்டு முழுக்கக் கை புழங்குவது ஹை-ஹாட்டிலும் ரைடிலும்தான். முதலில் அவற்றில் ஒன்றை மாற்றலாம். கிராஷ் சிம்பல் எப்போதாவது ஓங்கி அடிப்பதற்கு. சத்தமும் அதில்தான் அதிகம். அது ரப்பராகவே இருந்தால் பக்கத்து வீட்டுக்கும் நிம்மதி. கழற்றிய ரப்பர் தட்டைப் பத்திரமாக வைத்தால், பரீட்சைக் காலத்து ராத்திரிகளில் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

பராமரிப்பு எளிது. ஸ்டாண்டில் உலோகத்தோடு உலோகம் உரசாதபடி, ஃபெல்ட் வளையமும் பிளாஸ்டிக் குழலும் இருக்க வேண்டும். திருகை இறுக்கிவிட்டால் தட்டு ஆடாது. ஆடாத சிம்பலுக்கு ரப்பரே போதும். வெண்கலப் பாத்திரம் என்று நினைத்து யாரும் புளி போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. ஈரம் சென்சாருக்கு ஆகாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்தால் போதும்.

கடைசியில் அப்பா முடிவெடுக்க ஒரே கேள்வி போதும்: பையன் நிஜ டிரம்ஸில் வாசிக்கப் போகிறானா? ஆறு மாதப் பழக்கம்தான் என்றால், அந்தப் பணத்தை ஆசிரியருக்குக் கொடுத்து, வகுப்பில் இருக்கும் நிஜ சிம்பலில் வாரம் அரை மணி நேரம் பழகக் கேட்கலாம். மாதம் ஒரு முறையாவது மேடை ஏறுகிறவன் என்றால், ஒரு நல்ல ஹை-ஹாட் அவன் கைக்கு அடக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும். அடுத்த ஆண்டு விழாவில் பாடுபவரின் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.